ராமன் 'ரமன்' ஆனது எப்படி: ஜப்பானிய எழுத்தில் தமிழ்ப் பெயர்கள்

ஒளிச்சிதறலைப் பற்றிப் படிக்கும் ஜப்பானிய மாணவருக்கு 'ரமன்' விளைவு தெரியும். எண்களின் கணிதத்தில் ஆழ்ந்து போகிறவருக்கு 'ரமனுஜன்' தெரியும். விண்மீன்களின் முடிவைப் பற்றிப் படிக்கிறவர் 'சந்தொரசெகாரு' எல்லையைப் படிக்காமல் நகர முடியாது. மூவரும் தமிழர்கள்: சர் சி.வி. ராமன், சீனிவாச ராமானுஜன், சுப்பிரமணியன் சந்திரசேகர். மூன்று பெயர்களிலும் ஒரே வகைச் சேதம் நடந்திருக்கிறது. ராமனின் 'ரா' குறுகி 'ர' ஆகிவிட்டது. ராமானுஜனில் இரண்டு நெடில்கள் காணாமல் போயின. சந்திரசேகரில் நடந்தது இன்னும் விசித்திரம்: 'சே' என்ற நெடில் குறிலாகி, பக்கத்தில் இருந்த 'க' என்ற குறில் நெடிலாகிவிட்டது.

ஜப்பானிய எழுத்தில் நெடிலுக்கு இடமில்லை என்று இதைப் பார்த்து முடிவுகட்டிவிட வேண்டாம். தமிழைப் போலவே அங்கும் குறில் வேறு, நெடில் வேறு. மாற்றி எழுதினால் பொருளே மாறிவிடும். சேதம் நடந்தது நடுவழியில். இந்தப் பெயர்கள் தமிழிலிருந்து ஜப்பானுக்கு நேராகப் போகவில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் வழியாகப் போயின. ஆர், ஏ, எம், ஏ, என் என்ற ஐந்து எழுத்தைப் பார்க்கிறவருக்கு முதல் 'ஏ' நெடிலா குறிலா என்று தெரிய வழியே இல்லை. தமிழ்க் காதுக்கும் ஜப்பானியக் காதுக்கும் மிக முக்கியமான அந்தச் செய்தி, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு மூன்றாவது மொழியின் எழுத்தில் உதிர்ந்துபோகிறது. வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பானுக்குப் போகிற தமிழர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: உங்கள் பெயரை ஜப்பானிய எழுத்தில் வேறு யாரோ கடவுச்சீட்டைப் பார்த்து எழுதுமுன், நீங்களே தமிழ் உச்சரிப்பிலிருந்து நேராக எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய மொழி மூன்று எழுத்துமுறைகளைக் கலந்து எழுதுகிறது. சீனத்திலிருந்து வந்த கான்ஜி, இலக்கணச் சொற்களுக்கும் எளிய சொற்களுக்கும் ஹிராகனா, வெளிநாட்டுச் சொற்களுக்கும் பெயர்களுக்கும் கத்தகானா. நம் பெயர் போய்ச் சேருவது இந்தக் கத்தகானாவில். கூர்மையான கோடுகளால் ஆன, எளிதில் கற்றுக்கொள்ளக்கூடிய எழுத்து இது. அடிப்படை எழுத்துகள் 46. ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டில், சீன மொழிப் பௌத்த நூல்களை வாசித்த பிக்குகள், ஓரத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொள்ள கான்ஜி எழுத்துகளின் ஒரு துண்டை மட்டும் எடுத்து எழுதியதில் பிறந்தது.

அதன் அகரவரிசையைக் கேட்டால் நமக்கு ஒரு நெருக்கம் தோன்றும். அ, இ, உ, எ, ஒ என்று உயிர்கள். பிறகு க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசைகள். ஸ இருக்கும் இடத்தில் நம் ச-வையும், ஹ இருக்கும் இடத்தில் ப-வையும் வைத்துப் பாருங்கள் (ஹ-வரிசை ஆதியில் ப என்றுதான் ஒலித்தது). க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. இது தற்செயல் அல்ல. சமஸ்கிருத மந்திரங்களைப் படிக்க இந்திய எழுத்திலக்கணத்தைக் கற்ற பிக்குகள்தான் இந்த வரிசையை வகுத்தார்கள்.

வரிசை நெருக்கமானது என்றால், அளவு அதைவிட நெருக்கமானது. ஜப்பானிய மொழியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே நீளம். பள்ளியில் மாத்திரைக் கணக்குப் படித்த யாருக்கும் இது உடனே புரியும். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2 என்பது அங்கும் அப்படியே. ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்பதும் இந்த அலகைத்தான் எண்ணுகிறது. ஒரே வித்தியாசம் மெய்யெழுத்தில். நமக்கு மெய் அரை மாத்திரை. அங்கே 'ன்' என்ற மூக்கொலிக்கு முழுசாக ஒன்று, இரட்டித்து வரும் வல்லினத்தின் முதல் பாதிக்கும் முழுசாக ஒன்று. 'அண்ணா' என்பது நம் கணக்கில் மூன்றரை மாத்திரை. அங்கே அ, ன், ன, அ என்று நான்கு அலகு. ஜப்பானியர் ஒருவர் நம் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் அடுக்கி வைத்தது போலக் கேட்பதற்குக் காரணம் இந்தச் சம நீளம்தான்.

ஆகவே, தமிழ்ப் பெயரின் எலும்புக்கூடு கத்தகானாவில் பெரும்பாலும் சிதையாமல் நிற்கும். நெடிலுக்கு ஒரு கோடு போட்டால் போதும். 'முத்து', 'அப்பு' போன்ற இரட்டிப்புக்கு ஒரு சிறிய எழுத்து இருக்கிறது. ங், ஞ், ண், ந், ம், ன் என்று நாம் ஆறு எழுத்தில் எழுதும் மூக்கொலியை அவர்கள் ஒற்றை 'ன்' எழுத்தில் எழுதினாலும், சொல்லும்போது க-வுக்கு முன் அது தானாக 'ங்' ஆகிறது, ப-வுக்கு முன் 'ம்' ஆகிறது. சங்கர், சம்பத், கண்ணன் எல்லாம் ஒலியில் ஏறத்தாழ நம் ஊரிலேயே இருப்பார்கள். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் உண்டு. வட இந்திய எழுத்துகள் பலவற்றில் குறில் எகர ஒகரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. ஜப்பானிய எழுத்தில் 'செல்வன்' வேறு, 'சேரன்' வேறு என்று காட்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. நேராக எழுதுவது என்றால் தமிழ் உச்சரிப்பிலிருந்து எழுதுவது. தமிழ் எழுத்திலிருந்து அல்ல. பாலாவின் ப-வும் பாண்டியனின் ப-வும் நமக்கு ஒரே எழுத்து, ஆனால் ஒலி வேறு. கத்தகானாவில் அவை வேறு வேறு எழுத்துகள். மேலே இரண்டு சின்னக் கோடு போட்டால் வல்லொலி மெல்லொலியாகும். முருகனின் க-வுக்கு அந்தக் கோடு வேண்டும், கந்தனின் க-வுக்கு வேண்டாம்.

இனி, எங்கே இழப்பு வருகிறது என்று பார்க்கலாம். முதலாவது, சொல்லின் கடைசி. ஜப்பானிய மொழியில் 'ன்' தவிர வேறு மெய்யில் சொல் முடியாது. ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் காரைக் 'காரு' என்றும் பேச்சில் சொல்கிற நமக்கு இது புதிதல்ல. ரமேஷ் 'ரமேஷு' ஆவார், செல்வம் 'செருவமு' ஆவார், குமார் 'குமாரு' ஆவார். த், ட் மட்டும் உகரம் ஏற்காமல் ஒகரம் ஏற்கும், ஏனென்றால் அவர்களுடைய த-வரிசையில் உகரம் சேர்ந்தால் 'த்ஸு' என்று ஒலி மாறிவிடும். 1998-இல் 'முத்து' படம் ஜப்பானில் ஓடி ரஜினிகாந்த் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்தவரானபோது, சுவரொட்டிகளில் அவர் 'ரஜினிகான்தொ'. ரஜினியில் குறில்கள் குறிலாகவே, 'கா' நெடிலாகவே இருக்கிறது பாருங்கள். யாரோ காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள். படத்தின் பெயரையும் 'து' ஒலி கெடாமல், சிறிய உகரம் போட்டு 'முது' என்றே எழுதினார்கள். இரட்டிப்பை விட்டாலும் 'த்ஸு' வராமல் காத்தார்கள்.

எழுத்தில் பார்க்கும்போது கனமாகத் தெரியும் இந்தக் கடைசி உகரம் பேச்சில் அவ்வளவு கனமில்லை. க், ஸ், ஷ் போன்ற ஒலிகளுக்குப் பின்னால் வரும் உகரத்தை, முக்கியமாக டோக்கியோ வட்டாரத்தார், பாதி விழுங்கிவிடுவார்கள். நம் குற்றியலுகரத்தை விடவும் குறுகியது. ஆகவே ரமேஷைக் கூப்பிடும்போது 'ரமேஷ்-சான்' என்றே காதில் விழும் ('சான்' என்பது பெயருக்குப் பின் சேர்க்கும் மரியாதைச் சொல்). இன்னொன்று, ஏற்ற இறக்கம். வெளிநாட்டுப் பெயர்களில் பெரும்பாலும் கடைசியிலிருந்து மூன்றாவது அலகில் குரல் உயர்ந்து, பிறகு இறங்கும். முருகனை மு, ரு, க, ன் என்று பிரித்தால் 'ரு'வில் குரல் உயரும். அதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அவர்கள் மொழியின் நடை அது.

இரண்டாவது இழப்பு பெரியது, ஈடு செய்ய முடியாதது. ர, ற, ல, ள, ழ ஐந்தும் ஒரே வரிசையில் போய் விழும். தமிழ் என்ற சொல்லே அங்கே 'தமிரு'. முரளி 'முரரி' ஆவார். வள்ளி, கயல்விழி, எழில் என்று ல-ள-ழகரங்களில் அழகு கொண்ட பெயர்களுக்கு இது வருத்தம்தான். சமாளிக்கச் சின்ன உத்திகள் உண்டு: ள்ளவுக்கு இரட்டிப்புக் குறி போட்டு அழுத்தத்தையாவது காப்பாற்றலாம். ட, ண போன்ற நாவளை ஒலிகளும் த, ந-வோடு கலந்துவிடும்.

மூன்றாவது வகரம். இதற்குத் தனியே ஒரு வரலாறே இருக்கிறது. ஜப்பானிய மொழியில் பல்லும் உதடும் சேரும் வ ஒலி கிடையாது. ஃபுகுசாவா யுகிச்சி 1860-இல் வெளியிட்ட சொற்கோவையில், உ எழுத்தின் மேல் இரண்டு கோடு போட்டு இந்த ஒலிக்கு ஓர் எழுத்தைப் பயன்படுத்தினார். இன்று பத்தாயிரம் யென் நோட்டின் பழைய வடிவத்தில் முகம் காட்டுகிறவர் அவர்தான். 1991-இல் ஜப்பானிய அமைச்சரவை வெளிநாட்டுச் சொற்களை எழுதுவதற்கான வழிகாட்டியை அறிவித்தபோது, இந்த எழுத்தை மூல ஒலிக்கு நெருக்கமாக எழுத விரும்புகிறவர்களுக்கான இரண்டாவது பட்டியலில் வைத்தது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'பஸ்'ஸில் வரும் ப-வையே வகரத்துக்கு எழுதும். 2019-இல் நாட்டுப் பெயர்களைக் குறிப்பிடும் சட்டத்தைத் திருத்தி கேப் வெர்டி, செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் ஆகிய பெயர்களிலிருந்தும் அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள்.

நமக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழ் வகரம் ஆங்கில 'வி'யைப் போல அழுத்தமானது அல்ல. உதடுகள் மெல்ல நெருங்கிப் பிரிவது. அது ஜப்பானிய 'வ' எழுத்துக்கு, அதாவது அவர்கள் வரிசையின் கடைசி எழுத்துக்கு, மிகவும் பக்கம். காசி நகரின் பெயரையே இந்தியவியல் அறிஞர்கள் அங்கே அந்த வகரத்தால் 'வாரானஸீ' என்று எழுதுவார்கள். பயணக் கையேடுகளில் ப-வில் தொடங்கும் வடிவத்தையும் பார்க்கலாம். வாசு என்ற பெயரை ப-வரிசையில் குறிலாக எழுதினால் பேருந்து, குளியல்தொட்டி இரண்டுக்குமான சொல்லாகிவிடும். வகரத்தில் நெடிலோடு எழுதினால் பெயர் பெயராக நிற்கும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் நெடிலை மட்டும் தின்பதில்லை. தகரத்துக்கு நாம் 'டி' பக்கத்தில் 'ஹெச்' சேர்த்து எழுதும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் அந்த இரட்டை எழுத்து 'ஸ்மித்' என்பதன் கடைசி ஒலி. அதை அவர்கள் 'ஸு' என்றே எழுதுவார்கள். ஆகவே செந்தில் 'சென்ஷிரு' ஆகவும், கீதா 'கீஸா' ஆகவும் வாய்ப்பு உண்டு. ழகரத்துக்கு 'இசட்-ஹெச்' எழுதினால் ஜகரம் வரும்: கனிமொழி 'கனிமோஜி' ஆவார். நேராக எழுதியிருந்தால் 'கனிமொரி'. ழ போனாலும் அதன் உறவு ஒலியாவது இருந்திருக்கும். ஞானம் என்ற பெயரில் 'ஜி-என்' என்று தொடங்கினால் 'குனனமு' என்று படித்துவிடுவார்கள். இத்தனைக்கும் ஞா ஒலி ஜப்பானிய மொழியில் அப்படியே இருக்கிறது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையை ஜப்பானிய ஊடகங்கள் 'சன்தா' என்றும் 'சுன்தா' என்றும் 'சுந்தரு' என்றும் எழுதியிருக்கின்றன. முதல் வடிவம் ஞாயிற்றுக்கிழமையின் ஆங்கிலப் பெயரைப் படிப்பது போலப் படித்ததில் வந்தது. இடிமுழக்கத்துக்கான ஆங்கிலச் சொல்லையும் அவர்கள் அப்படியேதான் எழுதுவார்கள்.

நெடிலில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பெண்களுக்கு இது முக்கியம். உமா என்ற பெயரை நெடில் இல்லாமல் எழுதினால் ஜப்பானிய மொழியில் குதிரை. ஹாலிவுட் நடிகை உமா தர்மனின் பெயரை அங்கே 'யுமா' என்றே எழுதுகிறார்கள். குதிரையைத் தவிர்க்கத்தான் என்று பலரும் சொல்வதுண்டு. மாலாவை இரண்டு குறிலாக எழுதினால் ஆண்குறியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகிவிடும். நெடிலோடு எழுதினால் இசையமைப்பாளர் மாலரின் பெயர் போல இருக்கும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பாலாவின் குறில் வடிவம் ரோஜாப்பூ, ஹரி என்றால் ஊசி. இவற்றால் கெடுதல் இல்லை, பெயரை நினைவில் வைக்க உதவவும் செய்யும். சிவாவை ப-வரிசையில் எழுதினால் 'ஷிபா', அந்த ஊர் நாயினத்தின் பெயர். அதற்கென்று சிவபெருமானை எழுதும் வடிவம் ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ஃபுகுசாவா பயன்படுத்திய எழுத்தோடு. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கேட்டு எழுதுவதா, பார்த்து எழுதுவதா என்ற இந்தக் கேள்வி ஜப்பானுக்குப் பழையது. ஜேம்ஸ் கர்ட்டிஸ் ஹெப்பர்ன் என்ற அமெரிக்க மருத்துவப் பாதிரியார் 1859-இல் அங்கே போனார். 1867-இல் ஜப்பானிய-ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். ஜப்பானியச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுத இன்று உலகம் முழுக்கப் பயன்படும் முறை அவர் பெயரால் வழங்குவது. ஆனால் ஜப்பானியர்களுக்கு அவர் 'ஹெபொன்'. அவர் வாயிலிருந்து வந்த ஒலியை அன்றைய யோகோஹாமா மக்கள் கேட்டபடி வைத்த பெயர் அது. அதே குடும்பப் பெயர் கொண்ட நடிகை ஆட்ரி ஹெப்பர்னை அவர்கள் 'ஹெப்புபான்' என்கிறார்கள். இது எழுத்தைப் பார்த்து எழுதியது. ஒரே பெயர்தான் என்பது பல ஜப்பானியர்களுக்கே தெரியாது. என் காதுக்கு 'ஹெபொன்' தான் மூலத்துக்கு நெருக்கம்.

எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்னுக்கும் அப்படி ஒன்று நடந்தது. 1890-இல் மத்சுவே நகருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவரின் நியமனக் கடிதத்தில் அவர் பெயரை 'ஹெருன்' என்று எழுதிவிட்டார்கள். மத்சுவே இன்றைக்கும் அவரை 'ஹெருன்-சான்' என்றே அன்போடு சொல்கிறது. 1896-இல் குடியுரிமை பெற்றபோது மனைவி வீட்டுப் பெயரை ஏற்று கொய்சுமி யாகுமொ ஆனார்.

இதற்கெல்லாம் முந்தியவர் ஃபிரான்சிஸ் சேவியர், நம் சவேரியார். 1542-இல் கோவா வந்து, தூத்துக்குடி முதல் குமரிக் கரை வரை மீனவ ஊர்களில் பணி செய்தவர். கோட்டாறு பேராலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரை இறங்கினார். ஜப்பானில் பொதுவாக அவர் பெயர் 'ஸபியெரு'. முதல் எழுத்து ஆங்கில 'இசட்' ஒலி. ஆனால் அவர் பிறகு போதித்த யமகுச்சி நகரில் அவர் நினைவாக இருக்கும் ஆலயத்தின் பெயர் 'சபியெரு', மேலே கோடு இல்லாமல். நானூற்று எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் அந்த இரண்டு சின்னக் கோடுகளில் இரண்டு ஊர்களும் ஒன்றுபடவில்லை. காந்தியின் பெயரும் அப்படியே: பழைய தலைமுறை 'கான்ஜீ' என்று எழுதியது, 'தி' ஒலியை எழுதும் வழக்கம் பரவிய பிறகு 'கான்தீ'யும் வந்தது.

ஆளின் விருப்பத்துக்காக ஊடகங்கள் மாற்றிக்கொண்டதும் உண்டு. ரொனால்ட் ரேகனை முதலில் 'ரீகன்' என்று எழுதிவந்தவர்கள், அவர் தன் பெயரைச் சொல்லும் விதம் தெரிந்ததும் 'ரேகன்' என்று திருத்தினார்கள். ஆனால் பெயர் சரியாகச் சொல்லப்படுவது ஓர் உரிமையா என்ற கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் அமெரிக்க அதிபர் அல்ல; கிதாக்யூஷூவில் வாழ்ந்த கொரியப் பாதிரியார் சோய் சாங்-ஹ்வா. கொரியப் பெயர்களைக் கான்ஜியில் எழுத முடியும் என்பதால், அந்த எழுத்துகளை ஜப்பானிய முறையில் படிப்பதே அன்றைய வழக்கம். 1975-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அவரைச் 'சாய் ஷோகா' என்று சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டாம் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். வழக்குத் தொடர்ந்து அவர் கேட்ட இழப்பீடு ஒரு யென்.

1988 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவருடைய பெயர் சரியாகச் சொல்லப்படுவது சட்டம் காக்க வேண்டிய நலன் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அன்றைய வழக்கப்படி சொன்னதைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது என்று அந்த ஒரு யென்னை மறுத்துவிட்டது. அவர் தோற்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீர்ப்பு வருமுன்பே, 1984-இல் தென்கொரிய அதிபர் சுன் டூ-ஹ்வான் ஜப்பானுக்கு வந்ததை ஒட்டி, கொரியப் பெயர்களைக் கொரிய உச்சரிப்பில் சொல்லும் வழக்கம் ஊடகங்களில் தொடங்கிவிட்டது. சீனப் பெயர்கள் இன்னும் பழைய முறையில்தான்: ஷி ஜின்பிங் அங்கே 'ஷூ கின்பேய்'.

கான்ஜியில் பெயர் எழுதிக்கொள்ளும் ஆசை வெளிநாட்டவர் பலருக்கும் உண்டு. அதற்கு நீண்ட மரபும் உண்டு. 752-இல் நாரா நகரின் பெரிய புத்தருக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி; தென்னிந்தியர் என்று ஜப்பானிய மரபு சொல்கிறது. அவர் பெயரைக் கான்ஜியில் ஒலிக்கு ஒலி எழுதி 'போதைசென்ன' என்று படிக்கிறார்கள். ராஷ் பிஹாரி போஸ் 1923-இல் ஜப்பானியக் குடிமகனானார். அவர் மகனின் குடும்பப் பெயர் 'போசு' என்று ஒலிக்கும் இரண்டு கான்ஜி எழுத்துகள். ஜப்பானிய இலக்கிய அறிஞர் டொனால்ட் கீன் 2012-இல் குடியுரிமை பெற்றபோது சட்டப்படியான பெயரைக் கத்தகானாவிலேயே வைத்துக்கொண்டார். கினு ஆறு, நாருத்தோ நீர்ச்சுழி ஆகியவற்றின் எழுத்துகளைச் சேர்த்து 'கீன் தொனருதொ' என்று படிக்கும் கான்ஜி வடிவத்தை விருப்பத்துக்கு வைத்திருந்தார். அந்த அளவு மொழி தெரிந்தால் சரி. சுற்றுலாக் கடையில் ஒலியை மட்டும் பார்த்து எழுதித் தரும் கான்ஜியை அலுவல் காரியங்களில் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாம் நினைக்காத பொருள் அதில் இருக்கும், படிக்கிறவர் எப்படிப் படிப்பார் என்பதும் உறுதியில்லை.

அப்புறம், அலுவலகங்கள். 2012 ஜூலையில் வந்த வசிப்பு அட்டையில் கடவுச்சீட்டில் உள்ளபடி ரோமன் பெரிய எழுத்தில்தான் பெயர் இருக்கும், கத்தகானா இருக்காது. ஆனால் வங்கி, கைபேசி, மருத்துவமனை எல்லாம் கேட்பது கத்தகானாவை. முதல் படிவத்தில் நீங்கள் எழுதுவது ஒவ்வோர் இடமாகப் பரவும். வங்கியில் ஒரு வடிவமும் சம்பளப் பட்டியலில் இன்னொரு வடிவமும் இருந்தால் பணம் வந்து சேராமல் திரும்பிப் போகும். ஒரு கோடு மாறினாலும் கணினிக்கு அது வேறு ஆள். வங்கிகள் பணப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்துவது 1969-இல் தரப்படுத்திய அரை அகலக் கத்தகானா. அதில் மேலே போடும் கோடு தனி எழுத்தாகக் கணக்கில் வரும், சிறிய எழுத்துகள் பெரியதாகிவிடும். பாலசுப்பிரமணியனைக் கத்தகானாவில் பத்து எழுத்தில் அடக்கினாலும் அங்கே பன்னிரண்டு இடம் பிடிப்பார்.

நம்மவர்களுக்கென்றே இருக்கும் சிக்கல் குடும்பப் பெயர். ஜப்பானிய இணையப் படிவங்களில் குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் தனித்தனிக் கட்டம், இரண்டையும் நிரப்பாமல் நகராது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். அப்பா பெயரை அந்த இடத்தில் போட்டவர்களுக்கு வேறு கதை. ஜப்பானில் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அலுவலகம் முழுக்க உங்களைச் 'சுப்பையா-சான்' என்று அப்பா பெயரால் அழைக்கும். பழகினால் சிலருக்கு இது பிடித்துப்போகலாம். பிடிக்காவிட்டால், அறிமுகமாகும் முதல் நாளே "என்னை இந்தப் பெயரால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடலாம். தயங்காமல் மாற்றிக்கொள்வார்கள், வெளிநாட்டவரைச் சொந்தப் பெயரால் அழைப்பது அங்கே இயல்புதான். பெயர் அட்டை அச்சடிக்கும்போது அந்தப் பெயரையே பெரிதாகக் கத்தகானாவில் போடச் சொல்லுங்கள்.

அங்கே குழந்தை பெறும் தம்பதிகளுக்கு இந்த முடிவு இன்னும் அவசரமாக வரும். பிறந்த 14 நாளுக்குள் நகராட்சியில் பதிவு செய்யவேண்டும். வெளிநாட்டுக் குழந்தையின் பெயரைப் படிவத்தில் கத்தகானாவில் எழுதி, பக்கத்தில் ரோமன் எழுத்தைச் சேர்க்கிறார்கள். கடவுச்சீட்டு இன்னும் வந்திருக்காது. தமிழில் எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தப் பெயர் முதன்முதலாக அரசு ஆவணம் ஒன்றில் ஏறுவது இந்த எழுத்தில்தான். பிரசவத்துக்கு முன்பே, வைக்கப்போகும் பெயரைக் கத்தகானாவில் எழுதி, ஜப்பானியத் தோழி ஒருவரிடம் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.